வரிசை தொலைந்த கட்டைகள்: கென்டக்கி லிங்கன் குடில், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஹாட்ஜன்வில் என்ற சிற்றூருக்குச் சில மைல் தெற்கே, 56 படிகள் ஏறினால் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் எழுப்பிய ஒரு கிரேக்கப் பாணி மண்டபம். கதவைத் தாண்டினால் உள்ளே ஒரு குடில். கோடாரியால் செதுக்கிய கட்டைகள், ஒரே அறை, ஒரு கதவு, ஒரு சன்னல். 12-க்கு 17 அடி. வெயிலும் மழையும் இந்த வீட்டின் மேல் பட்டு நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

ஆபிரகாம் லிங்கன் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்த வீடு இதுதான் என்று நம்பி மண்டபத்தைக் கட்டினார்கள். இதைப் பராமரிக்கும் தேசியப் பூங்காப் பணித்துறை இப்போது ‘அடையாளக் குடில்’ என்கிறது. ‘பிறந்த வீடு’ எப்படி ‘அடையாள’மாகக் கீழிறங்கியது என்பதில் ஒரு மரவீட்டை இடம் மாற்றுவதன் பாடம் முழுவதும் இருக்கிறது. ஏமாற்று வேலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த மனிதர்களின் நோக்கத்தை ஒதுக்கிவிட்டு வேலையை மட்டும் பார்த்தால் இன்னும் பயனுள்ள விடை கிடைக்கும்: கட்டைகளைப் பத்திரப்படுத்தினார்கள், கட்டைகளின் வரிசையைப் பத்திரப்படுத்தவில்லை. கட்டை வீட்டில் அந்த வரிசைதான் வீடு.

கட்டை வீடு எப்படி நிற்கிறது

செங்கல் சுவரைப் பிரித்தால் பாதி செங்கல் உடையும், சாந்து முழுக்கக் குப்பை. கட்டை வீடு அப்படியல்ல. கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள் நான்கு மூலைகளிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. சுவரில் பெரும்பாலும் ஆணி கிடையாது, பசை கிடையாது. மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினால் வீடு வண்டியில் ஏறிவிடும். ஐரோப்பாவின் வடபகுதியில் இது பழைய வழக்கம். 1638-இல் டெலாவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன், பின்லாந்து மக்களும், பின்னால் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானியரும் இந்த வேலையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அது மலைத்தொடர் வழியே கென்டக்கிக்கு இறங்கியது.

கென்டக்கிக் குடில் ஒன்றின் உறுப்புகள் இவை. நான்கு மூலைகளிலும் பெரிய கல், அதன்மேல் மற்றவற்றைவிடத் தடித்த அடிக்கட்டைகள். சுவர்க்கட்டைகளை உள்ளும் புறமுமாக இரு முகம் மட்டும் தட்டையாகச் செதுக்குவார்கள். வெட்ட ஒரு கோடாரி, செதுக்க அகன்ற வாயுள்ள இன்னொரு கோடாரி, இழைக்க வாய்ச்சி, முளையடிக்கத் துரப்பணம். கனம் 6 அங்குலம், உயரம் 10 முதல் 14 அங்குலம் வரை மரத்தைப் பொறுத்தது. மரம் வெள்ளை ஓக், செஸ்ட்நட், டியூலிப் பாப்லர் என்று அருகில் எது நேராக வளர்ந்திருக்கிறதோ அது.

குடில்கள் ஏன் 16, 18 அடியோடு நின்றுவிட்டன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 18 அடி நீளம், ஓர் அடி உயரம், அரை அடி கனம் என்றால் 9 கன அடி. பச்சை வெள்ளை ஓக் கன அடிக்குச் சுமார் 28 கிலோ. ஒரு கட்டை 250 கிலோ. சாய்வுக் கழிகளில் ஏற்றி, கயிறு கட்டி, நான்கைந்து பேர் தலைக்கு மேலே உருட்டிச் சேர்க்கும் எல்லை அதுதான். அதற்கு மேல் நீண்டால் மரத்தின் அடியும் நுனியும் பருமனில் ரொம்ப மாறிவிடும், சுவர் மட்டத்துக்கு வராது. உலர்ந்தபின் அதே கட்டை 190 கிலோவுக்கு இறங்கும். எட்டு வரிசைச் சுவருக்கு 32 கட்டை, மொத்தம் ஏறத்தாழ 6 டன். கூரையையும் புகைபோக்கியையும் கழித்தால் ஒரே சரக்குப் பெட்டியில் அடங்குகிற வீடு.

மூலைவெட்டுத்தான் உயிர்நாடி. உருண்டைக் கட்டைக்குச் சேணம் போன்ற அரைவட்டப் பள்ளம் போதும். செதுக்கிய கட்டைக்குக் கவிழ்த்த ‘வி’ வடிவ வெட்டு அல்லது அரைப் புறாவால் வெட்டு. அரைப் புறாவாலில் மேல்முகம் சாய்வாகவும் கீழ்முகம் தட்டையாகவும் இருக்கும். சாய்வு வெளிப்பக்கம் இறங்குவதால் தண்ணீர் மூலையில் தங்காது, சுவர் வெளியே விலகவும் முடியாது. கவனிக்க வேண்டியது, இந்த வெட்டுகளை யாரும் வார்ப்பு வைத்து வெட்டுவதில்லை. கீழே உட்கார்ந்திருக்கும் கட்டையின் சாய்வைப் பார்த்து மேல்கட்டையின் அடியை வெட்டுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு வரிசையும் பூட்டும் சாவியும் போல ஒரே ஜோடி. மூன்றாம் வரிசைக் கட்டையை ஐந்தாவதில் வைத்தால் உட்காரும், ஆனால் கால் அங்குலமாவது வாய் பிளக்கும். அதை மூட ஒருவர் உளியை எடுத்தாரானால் சாவியும் போயிற்று, பூட்டும் போயிற்று.

கட்டைகளுக்கிடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருக்கும். பாரம் முழுவதும் மூலைகள் வழியே இறங்குவதால் நடுவில் இடைவெளி இருந்தாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. மரச்சிம்புகளையோ கற்சில்லுகளையோ சாய்வாகச் செருகி மேலே களிமண் பூசுவார்கள். கதவு, சன்னல் திறப்புகளைச் சுவர் எழுந்தபின்தான் அறுப்பார்கள். அறுபட்ட கட்டை நுனிகளை நிலைக்கால்தான் முளையடித்துப் பிடித்துக்கொள்கிறது. நிலையைக் கழற்றினால் அந்தத் துண்டுகள் ஆடும். பிரிக்கும்போது அதிகம் விபத்து நடக்கிற இடமும் இதுதான். புகைபோக்கி சுள்ளியும் களிமண்ணும். அதை வீட்டிலிருந்து சற்று விலகிச் சாய்ந்தாற்போல் கட்டுவதும் உண்டு. தீப்பிடித்தால் கழியால் தள்ளிவிட்டு வீட்டைக் காப்பாற்றலாம்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். பச்சைக் கட்டை உலரும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். 12 அங்குலக் கட்டையில் அரை அங்குலம் போகலாம். எட்டு வரிசையில் நான்கு அங்குலம்வரை சுவர் இறங்கும். அதனால்தான் நிலைக்கு மேலே இடைவெளி விடுகிறார்கள். நீளவாட்டிலோ ஓக் மரம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் குறைவதில்லை. கட்டை வீட்டின் உயரம் காலத்தால் மாறும். நீள அகலம் ரம்பத்தால் மட்டுமே மாறும்.

1895 முதல் 1911 வரை

லிங்கனின் தந்தை தாமஸ் 1808 டிசம்பரில் சிங்கிங் ஸ்பிரிங் என்ற ஊற்றை ஒட்டிய நிலத்தை வாங்கினார். 1811-இல் பத்து மைல் தள்ளியிருந்த நாப் கிரீக்குக்குக் குடும்பம் போய்விட்டது. அந்தக் குடிலில் அவர்கள் வாழ்ந்தது இரண்டு ஆண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 1811-இல் தாமஸ் லிங்கனின் வீட்டை அளந்து வைக்கவோ வரைந்து வைக்கவோ யாருக்கும் காரணம் இருக்கவில்லை. காலியான குடிலின் கட்டைகளைப் பக்கத்துக்காரர் தொழுவத்துக்கோ களஞ்சியத்துக்கோ எடுத்துப் போவது அந்தப் பக்கத்தில் சாதாரணம். கட்டை வீடு சாவது பெரும்பாலும் அப்படித்தான், தீயிலோ கறையானிலோ அல்ல.

குடிலுக்கு மதிப்பு வந்தது அரசியலால். 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனைக் ‘கட்டைக் குடில் வேட்பாளர்’ என்று ஊர்வலம் விட்டு வெல்ல வைத்தார்கள். அவர் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பெரிய செங்கல் மாளிகையில் என்பது வேறு விஷயம். லிங்கன் உண்மையிலேயே குடிலில் பிறந்தவர். அவர் கொல்லப்பட்டபின் குடிலைத் தேடும் ஆர்வம் தானாக வந்தது.

1894-இல் நியூயார்க் உணவக முதலாளி ஆல்ஃபிரட் டென்னட் அந்த நிலத்தை வாங்கினார். பார்வையாளர்கள் வந்து போகும் இடமாக்குவது எண்ணம். நிலத்தில் வீடு இல்லை. அவருடைய முகவராக இருந்த போதகர் ஜேம்ஸ் பிக்கம், பக்கத்துத் தோட்டத்தில் நின்ற ஒரு கட்டை வீட்டை 1895-இல் வாங்கினார். லிங்கன் வீட்டின் கட்டைகள்தான் முன்பே அங்கே போயின என்பது ஊர்ப்பேச்சு. அந்தக் கட்டைகளைக் கொண்டுவந்து ஊற்றுக்கு அருகே ஒற்றை அறைக் குடிலாக நிறுத்தி, புகைப்படமும் எடுத்தார்கள். வாங்கிய வீடு ஒரு வடிவம், நிறுத்திய குடில் வேறொரு வடிவம். முதல் இடமாற்றத்திலேயே வரிசை கலைந்துவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1897-இல் குடிலைப் பிரித்து நாஷ்வில் நகரில் நடந்த டென்னசி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். கூடவே இன்னொரு குடிலும் போனது. உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்பான தென்மாநிலக் கூட்டின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிறந்த வீடு என்று சொல்லப்பட்டது அது. டேவிசும் கென்டக்கிக்காரர், லிங்கனுக்கு எட்டு மாதம் மூத்தவர். இரண்டு எதிரிகளின் தொட்டில் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் என்றால் கூட்டம் கூடும் அல்லவா. 1901-இல் பஃபலோ கண்காட்சியிலும் இரண்டும் சேர்ந்தே நின்றன. பிறகு இரண்டு வீட்டுக் கட்டைகளும் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், காலேஜ் பாயின்ட் என்ற இடத்தில் ஒரு மாளிகையின் நிலவறைக்குப் போயின.

இந்தப் பயணங்களில் இரண்டு குடில்களின் கட்டைகளும் கலந்துவிட்டன. ஒரே நிலப்பகுதி, ஒத்த மரங்கள், ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே மாதிரி கோடாரித் தழும்பு. எண் இல்லாமல் ஒரே குவியலில் கிடந்தால் எது யாருடையது என்று சொல்ல இரண்டு வழிதான்: மூலைவெட்டை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது, இல்லையென்றால் பழைய புகைப்படத்தோடு முடிச்சையும் வெடிப்பையும் ஒப்பிடுவது. புகைப்படத்தில் வெளிமுகம் மட்டுமே தெரியும். அதிலும் களிமண் பூசிய பிறகு எடுத்த படம் கட்டையின் பாதியை மறைத்துவிடும்.

அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் அந்தக் காலத்தில் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஆர்த்தர் ஹசேலியஸ் சுவீடனில், பழைய வீடுகளை இடம் மாற்றி நிறுத்தும் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியது 1891-இல். நார்வேயில் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் தொகுப்புக்காக 1880-களிலேயே பழைய மரக்கட்டடங்களைப் பிரித்து ஆஸ்லோவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாஷ்வில்லில் கூட்டம் சேர்க்கக் கட்டையை ஏற்றியபோது, அதை முறையோடு செய்யும் வழி உலகில் இருந்தது.

1905-இல் நிலம் ஏலத்துக்கு வந்தது. பத்திரிகை அதிபர் ராபர்ட் கோலியர் 3,600 டாலருக்கு எடுத்தார். 1906-இல் உருவான லிங்கன் பண்ணைச் சங்கத்தில் எழுத்தாளர் மார்க் ட்வைன், அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் போன்றோர் இருந்தார்கள். குறைந்த நன்கொடை 25 சென்ட், அதிகபட்சம் 25 டாலர். யாரும் பெரும்பணம் போட்டுப் பேர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த மேல்வரம்பு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். கட்டைகளை 1,000 டாலர் கொடுத்து நிலவறையிலிருந்து மீட்டு ரயிலில் லூயிவில் நகருக்குக் கொண்டுவந்து மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நூற்றாண்டு நாளான 1909 பிப்ரவரி 12 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அடிக்கல் நாட்டினார். 1911 நவம்பர் 9 அன்று அடுத்த குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட் திறந்து வைத்தார்.

நான்கு அடி எங்கே போனது

மண்டபத்தை வடிவமைத்தவர் ஜான் ரசல் போப். பின்னாளில் வாஷிங்டனில் தாமஸ் ஜெபர்சன் நினைவகத்தை வரைந்த அதே கட்டடக் கலைஞர். பணம் எதிர்பார்த்த அளவு சேராததால் முதல் திட்டத்தைச் சுருக்கினார்கள். 56 படிகள் லிங்கனின் வயதுக்கு. பதினாறாவது குடியரசுத் தலைவர் என்பதால் சன்னல் 16, கூரையுட்புறப் பூவேலை 16. வெளிச்சுவர் கனெக்டிகட் கருங்கல், உள்ளே டென்னசிச் சலவைக்கல்.

குடிலை உள்ளே வைத்தால் சுற்றிவர ஆட்களுக்கு இடம் போதவில்லை. 16-க்கு 18 அடியாக இருந்த குடிலை 12-க்கு 17 அடியாக்கினார்கள். பரப்பு 288 சதுர அடியிலிருந்து 204-க்கு இறங்கியது. கிட்டத்தட்ட 30 விழுக்காடு. உறைக்கு ஏற்றபடி வாளைத் தேய்த்தாயிற்று.

தச்சருடைய கண்ணால் பார்த்தால் இதன் பொருள் இன்னும் கடுமை. ஒரு சுவர்க்கட்டையின் நீளத்தைக் குறைக்க ஒரு நுனியையாவது அறுக்க வேண்டும். மூலைவெட்டு இருப்பது நுனியில். அறுத்தபின் புதிதாக வெட்டு வெட்ட வேண்டும். 16 அடிச் சுவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு கட்டையும், 18 அடிச் சுவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு கட்டையும், குறைந்தது ஒரு பழைய வெட்டை இழக்கும். இருபுறமும் சமமாக அறுத்திருந்தால் நான்கு மூலையும் புதிது. கலந்துபோன கட்டைகளைப் பிரித்தறிய இருந்த ஒரே நம்பகமான சாட்சி அந்த ஜோடி வெட்டுகள்தான். பார்வையாளர் நடைபாதைக்காக அதை அறுத்து எறிந்தார்கள்.

வளையங்கள் சொன்னது

சந்தேகம் முன்பே இருந்தது. 1948-இல் ராய் ஹேஸ் ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் நிதானமாகப் பிரித்துப் பார்த்து, இது லிங்கன் வீடு என்பதற்கு ஆதாரம் நிற்கவில்லை என்று எழுதினார். முடிவான விடை மரத்திலிருந்தே வந்தது, 2004-இல். ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது மிகப் பழைய கட்டைகூட 1848-ஐ ஒட்டியது என்று தெரிந்தது. அப்போது லிங்கனுக்கு வயது 39, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்.

இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் பலருக்குக் குழப்பம். காய்ந்த கட்டைக்கு உள்கூடான துளைமுனையை மின்துரப்பணத்தில் மாட்டி, பட்டைப்பக்கத்திலிருந்து நடுத்தண்டை நோக்கி இறக்கி, விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு தண்டு எடுப்பார்கள். அதைப் பலகையில் ஒட்டி, மணல்தாளால் நுண்மையாக இழைத்து, வளைய அகலங்களை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் அளப்பார்கள். வறட்சியில் ஒடுங்கியும் நல்ல மழையில் அகன்றும் போன அந்த வரிசையை, அதே வட்டாரத்தில் உயிரோடு நிற்கும் மரங்களிலிருந்து தொகுத்த வரிசையோடு பொருத்துவார்கள். 50 வளையத்துக்குக் குறைந்தால் பொருத்தம் ஐயத்துக்குரியது. டியூலிப் பாப்லர் போன்று வேகமாக வளரும் மரங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

எங்கே துளைப்பது என்பதும் முக்கியம். வெட்டிய ஆண்டு தெரிய வேண்டுமானால் பட்டைக்கு அடியில் இருந்த கடைசி வளையம் வேண்டும். கோடாரி முதலில் செதுக்கித் தள்ளுவது பட்டையை ஒட்டிய வெளிறைத்தான், நடுவிலுள்ள வைரமரம் மட்டும் மிஞ்சும். அப்போது கிடைக்கும் ஆண்டு ‘இதற்கு முன் வெட்டப்படவில்லை’ என்ற கீழெல்லை மட்டுமே. இரு முகம் செதுக்கிய கட்டையில் மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ மரத்தின் இயல்பான வளைவு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இடுக்குப் பூச்சுக்குள் மறைந்திருக்கும் அந்த இடத்தைத் தேடித்தான் துளைக்க வேண்டும். பூச்சை முழுதாகச் சுரண்டிப் புதிதாகப் பூசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மிச்சப் பட்டையையும் சுரண்டிவிடுகிறார்கள்.

1848-இல் வளர்ந்துகொண்டிருந்த மரம் 1809-இல் சுவராக இருந்திருக்க முடியாது. மறுப்பதற்கு ஒரு வளையம் போதும். மாறாக, 1805-இல் வெட்டிய மரம் என்று வந்திருந்தால்? அந்த ஆண்டுகளில் கென்டக்கியில் எழுந்த ஏராளமான குடில்களில் ஒன்று என்பதற்கு மேல் எதுவும் நிரூபணமாகியிருக்காது. மரம் தன் வயதைச் சொல்லும், தனக்குள் குடியிருந்தவர் பெயரைச் சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தை இடம் மாற்றுகிறவர்தான் எழுத வேண்டும்.

பிரித்து மாற்றும் முறை

ஒற்றை அறைக் கட்டை வீட்டை இன்று பிரிப்பவர்கள் முதல் கட்டையைத் தொடுமுன் செய்ய வேண்டியதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நான்கு வெளிச்சுவர், நான்கு உட்சுவர் என எட்டுப் படம் நேருக்கு நேர் எடுக்க வேண்டும், சுவரில் அளவுகோல் சாத்தியபடி. தரைப்படம் வரைய இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். 16-க்கு 18 அடிச் சுவரின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் 24 அடி 1 அங்குலம். பழைய குடில்கள் பெரும்பாலும் ஓரிரு அங்குலம் கோணலாகத்தான் நிற்கும். அந்தக் கோணலையும் அப்படியே பதிய வேண்டும். புது இடத்தில் ‘சரியாக’ மூலைமட்டம் வைத்து நிறுத்தினால் எந்த வெட்டும் உட்காராது.

ஒவ்வொரு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டு ஒரு நேர்கோலை நிறுத்தி, ஒவ்வொரு கட்டையின் அடிமட்டத்தையும் அதில் கோடு போடுங்கள். நான்கு மூலைக்கு நான்கு கோல். வரைபடம் தொலைந்தாலும் இந்தக் கோல்கள் இருந்தால் வீட்டைத் திரும்ப நிறுத்திவிடலாம்.

எண் இடுவதில் அலட்சியம் வேண்டாம். சுவருக்குத் திசையின் முதலெழுத்து, வரிசைக்குக் கீழிருந்து எண்: வ-1, வ-2 என்று. கதவால் அறுபட்ட கட்டைக்கு இடம், வலம் என்று இன்னோர் எழுத்து. எண் பொறித்த உலோக வில்லையை எப்போதும் ஒரே நுனியில், உதாரணமாக உள்ளே நின்று பார்த்தால் இடது நுனியில், அடிக்க வேண்டும். இல்லையென்றால் கட்டை தலைமாறி உட்கார்ந்துவிடும். ஒரு கட்டைக்கு இரண்டு வில்லை: ஒன்று உள்முகத்தில், ஒன்று மேல்விளிம்பில். ஏற்றி இறக்கும்போது ஒன்று கட்டாயம் பிய்ந்துபோகும். வில்லையும் ஆணியும் அலுமினியமாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுப்பு இறங்கும், சுரண்டினாலும் போகாது. சுண்ணக்கட்டி, பெயின்ட், ஒட்டும் தாள் மூன்றும் ஒரு மழைக்காலம் தாங்காது. பழைய தச்சர்கள் உளியால் ரோமன் எண் கொத்தியது வீண் வேலையல்ல. முன்பே அப்படிக் கொத்தியிருந்தால் அது இந்த வீடு முன்னொரு முறை பிரிக்கப்பட்டதன் சாட்சி, பதிவு செய்யுங்கள்.

வேறு சில தடயங்களும் உண்டு. எதற்கும் பொருந்தாத முளைத்துளை, உள்முகத்தில் வெயில் வெளுப்பு, நடுச்சுவரில் நின்றுபோன சுண்ணாம்புக் கோடு, தரை உத்தரம் உட்கார்ந்த குழி சுவர் நடுவே கிடப்பது. இவை தெரிந்தால் அந்தக் கட்டை வேறொரு வீட்டிலிருந்தோ வேறோர் இடத்திலிருந்தோ வந்தது. 1895-இல் பிக்கம் வாங்கிய வீட்டை இந்தக் கண்ணோடு யாராவது ஒரு நாள் பார்த்திருந்தால் போதும்.

பிரிக்கும் வரிசை கட்டிய வரிசைக்குத் தலைகீழ். முதலில் கூரைச் சிம்புகள், பிறகு முகட்டு உத்தரம், முக்கோணச் சுவர்க் கட்டைகள். இடுக்குப் பூச்சை எடுக்குமுன் ஒவ்வொரு சுவரிலும் ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துப் பையிலிட்டு எண் எழுதுங்கள். களிமண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு, முடி கலந்ததா, வைக்கோலா என்பதைப் பின்னால் பார்க்க வேண்டும். நிலையைக் கழற்றுமுன் திறப்பின் இருபுறமும் செங்குத்தாகச் சட்டம் வைத்து எல்லாக் கட்டை நுனிகளையும் சேர்த்துப் பிணையுங்கள்.

கட்டையை நேர் மேலேதான் தூக்க வேண்டும். கடப்பாரையை மூலையில் கொடுத்து நெம்பினால் புறாவாலின் மெல்லிய ஓரம் பெயர்ந்து வரும். ஒரு நெம்பில் இருநூறு ஆண்டு வெட்டு போய்விடும். அகன்ற நைலான் பெல்ட் இரண்டு, கால்பங்கு தூரத்தில் இருபுறமும், கிரேன் மெதுவாக. சங்கிலி போட்டால் கோடாரித் தழும்பின்மேல் புதுத் தழும்பு விழும்.

குவியலிலும் ஒழுங்கு வேண்டும். சுவர் வாரியாக நான்கு அடுக்கு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ரீப்பர். தார்ப்பாய் மேலே மட்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். சுற்றி மூடிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அண்டாது. ஈரமான நிலவறையும் மூடிய தார்ப்பாயும் அந்த எல்லையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். உளுப்புப் பொடி உதிர்ந்தால் பூச்சியைத் தடுக்கும் போரேட் உப்புக் கரைசல் தெளிக்கலாம். முழுக்கக் காய்ந்த மரத்தில் அது மேற்பரப்போடு நின்றுவிடும், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதுதான் உள்ளே பரவும். மழை நேரடியாக அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் கூரை இறக்கம் நீளமாக இருப்பது அவசியம்.

அடிக்கட்டைகளும் சன்னலுக்குக் கீழேயுள்ள கட்டைகளும் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். உளி முனையால் குத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தப் பகுதி மக்கிவிட்டது. முழுக் கட்டையையும் மாற்றுவதற்குமுன் மக்கியதை மட்டும் வெட்டியெடுத்து அதே இன மரத்தை ஒட்டுப்போட முடியுமா என்று பார்க்க வேண்டும். புதுத் துண்டின் மறைவான முகத்தில் ஆண்டைச் செதுக்கிவிடுங்கள். நூறு ஆண்டு கழித்து வளையம் எண்ண வருகிறவர் ஏமாறக் கூடாது.

புது இடத்தில் கற்கால்கள் ஒன்றரை அடி உயரமாவது இருந்தால் நல்லது. முதல் நான்கு கட்டை உட்கார்ந்ததும் நேர்கோல்களை மூலையில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். அரை அங்குலம் வித்தியாசம் தெரிந்தால் கல்லுக்கு ஆப்பு கொடுங்கள், வெட்டைத் தொடாதீர்கள். மூன்றாம் வரிசையில் விட்ட தவறு எட்டாம் வரிசையில் இரண்டு மூன்று அங்குலமாக வளர்ந்து, கடைசியில் ஒருவர் ரம்பத்தைத் தேடுவார்.

இடுக்குப் பூச்சில் சிமென்ட் வேண்டாம். கட்டை பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை பிளவு விழும், அதில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் கீழ்க்கட்டையின் மேல்விளிம்பைத் தின்னும். வெளியே பார்த்தால் பூச்சு புதிதுபோல் இருக்கும், குத்திப் பார்த்தால் கட்டை பஞ்சு. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கொஞ்சம் முடி. மேல்கட்டையின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்வாங்கி, வெளிப்பக்கம் சரிவாகப் பூசினால் தண்ணீர் வழிந்துவிடும்.

ஹாட்ஜன்வில்லில் இனி என்ன செய்ய முடியும்? அந்தக் கட்டைகள் லிங்கனுடையவை அல்ல. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதிக் கென்டக்கித் தச்சு வேலையின் மாதிரியாகவும், 1911-இல் ஒரு நாடு தன் நம்பிக்கைக்கு ஏற்றபடி ஒரு வீட்டை அறுத்து வைத்ததன் சான்றாகவும் அவை உண்மையானவை. எது பழைய வெட்டு, எது 1911-ஐ ஒட்டி விழுந்த வெட்டு என்பதை ரம்பத் தடத்தையும் கோடாரித் தடத்தையும் வைத்து இப்போதும் கட்டைவாரியாகக் குறிக்கலாம். பத்து மைல் தள்ளி நாப் கிரீக்கில் இன்னொரு குடிலைக் காட்டுகிறார்கள். அதுவும் லிங்கன் வீடு அல்ல, லிங்கனின் சிறுவயதுத் தோழன் ஆஸ்டின் கோலஹர் குடும்பத்தாருடைய குடில். அதுவும் இடம் மாற்றி நிறுத்தியதுதான். அங்கே அதை அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே அழைக்கிறார்கள்.